பனிக்கட்டி பிடிவிட்ட கதை

அந்தக் காலத்தில், மலை உச்சியில் ஆடுகளும் செந்நாய்களும் பனிக்கட்டியும் ஒரே மொழி பேசிக்கொண்டிருந்தபோது, பனிக்கட்டிக்கு வழுக்கத் தெரியாது. பிடிக்க மட்டும்தான் தெரியும். யார் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். வெயில் ஏறிக் கரைத்தால்தான் விடுதலை. அதனால் மார்கழி முழுக்க எல்லோரும் பனி உறைந்த பாறையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்.

வீரணன் என்றொரு வரையாட்டுக் கிடாய் இருந்தான். நல்லவன்தான், சொன்ன பேச்சு மட்டும் கேட்க மாட்டான். ஒரு விடியற்காலை ஓடையில் விழுந்து எழுந்தவனுக்கு முதுகு அரித்தது. நேராகப் பனிப்பாறைக்குப் போனான்.

"ஏங்க, அங்க வேண்டாம்," என்றாள் மனைவி செம்பி.

"என்னை யாரு பிடிக்கிறது?" என்று சாய்ந்தான். அவ்வளவுதான், ஈர முதுகு அப்படியே ஒட்டிக்கொண்டது. இழுத்தான், உதைத்தான். தோல் வலித்ததுதான் மிச்சம். கீழே சரிவில் செந்நாய்க் கூட்டம் மோப்பம் பிடித்து ஏறி வந்தது. வெயில் வர இன்னும் நேரம் இருந்தது.

"நீ ஓடிப்போயிடு செம்பி."

"உங்களை விட்டுட்டா? நல்லா இருக்கே," என்றவள் பனிக்கட்டியிடம் திரும்பினாள். "அண்ணே, அவரை விட்டுடுங்க."

"எப்படிம்மா விடுறது? என்னைக் கண்டா எல்லாரும் சுத்திப் போறாங்க. தனியாவே கெடக்கேன். வந்தது இவன் ஒருத்தன்."

அவ்வளவு பயத்திலும் செம்பிக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் போய், குட்டிகளுக்குக் குளிரும்போது ஊதுவதுபோல் வாய் நிறைய ஊதினாள்.

"இது என்ன, இவ்வளவு இதமா இருக்கு?"

"என் மூச்சுதான். நீங்க பிடியைத் தளர்த்துங்க. இனிமே எங்க கூட்டமே உங்க மேல நடந்து போகும். போறப்ப மூச்சும் விட்டுட்டுப் போகும்."

பனிக்கட்டிக்கு மனசு நெகிழ்ந்துவிட்டது. மேலாக மெல்லிசாக நீர் கசிந்தது, பிடி நழுவியது. வீரணன் நான்கு காலும் வானத்தைப் பார்க்க, கொம்பை முன்னே நீட்டியபடி சரிவில் சறுக்கிக்கொண்டு போனான். மல்லாந்தபடி பாய்ந்து வரும் ஆட்டைச் செந்நாய்கள் அதுவரை பார்த்ததில்லை. வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடின.

எழுந்து நின்றவன் முதுகில் பனி வெள்ளையாக ஒட்டியிருந்தது. உதறியும் போகவில்லை.

"அரிப்பு போச்சா?" என்று கேட்ட செம்பிக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அன்று முதல்தான், பனிக்கட்டி மேலே கொஞ்சம் நீரைப் பூசிக்கொண்டு நடப்பவர்களை வழுக்கி அனுப்புகிறது. ஈரத்தோடு போய் அசையாமல் சாய்பவர்களை மட்டும் பழைய ஞாபகத்தில் பிடித்துக்கொள்கிறது. வயதான வரையாட்டுக் கிடாய்களின் முதுகில் வெள்ளைத் திட்டு விழுவதும் அன்று முதல்தான். ஏனென்று கிடாயிடம் கேட்காதீர்கள், பெட்டையிடம் கேளுங்கள்.