நண்டு சொன்ன 'ஆனால்'

மருத மரங்கள் சூழ்ந்த ஒரு குளத்தங்கரையில் முள்ளம்பன்றி ஒன்று மர்மக் கதைகள் சொல்லி வந்தது. மாலையில் தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளும் பறவைகளும் குடித்ததும் போய்விடுவதில்லை. அதைச் சுற்றி உட்கார்ந்துவிடும்.

முள்ளம்பன்றியின் கதையில் ஏதாவது ஒன்று காணாமல் போகும். யானையின் கரும்பு போகும். கரடியின் தேனடை போகும். முதலில் நரிமேல் சந்தேகம் வரும். நரி இல்லை என்று ஆகும். பிறகு ஓநாய்மேல் வரும். அதுவும் இல்லை என்று ஆகும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது முள்ளம்பன்றி தன் முட்களை ஒரு முறை சிலிர்த்து, திருடனின் பெயரைச் சொல்லும். அது எப்போதும் ஒரு சாதுவான பிராணியாக இருக்கும். முயலாக இருக்கும், புறாவாக இருக்கும். ஒரு தடவை கண் தெரியாத கிழட்டு மூஞ்சூறாகக்கூட இருந்தது.

கேட்டவர்கள் வாயைப் பிளப்பார்கள். பிறகு ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்வார்கள். புள்ளிமானுக்குத் திகில் பிடிக்கும். நடுக்கதையில் தன் காதுகள் விறைத்துப்போயின என்று பெருமையாகச் சொல்லும். அணிலுக்குப் பொறுமை கிடையாது. முடிவை முதலிலேயே சொல்லிவிட்டால் நிம்மதியாகக் கேட்கலாமே என்று கெஞ்சும். குரங்கு மட்டும் ஒவ்வொரு கதையும் முடிந்த பிறகு, தான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லும்.

"பிறகு ஏன் அப்போதே சொல்லவில்லை?" என்று கானாங்கோழி ஒரு நாள் கேட்டது.

"மற்றவர்கள் ரசிப்பதைக் கெடுக்கக் கூடாது பார்" என்றது குரங்கு.

கரையில் வளை தோண்டி வசித்த நண்டும் கதை கேட்க வரும். எல்லாரும் புகழ்ந்து ஓய்ந்த பிறகு அது கண்களை உயர்த்தி, "கதை நன்றாக இருந்தது, முள்ளண்ணே. ஆனால்..." என்று தொடங்கும். அந்த 'ஆனால்' வந்தாலே முள்ளம்பன்றியின் முகம் சுருங்கிவிடும். அவ்வளவு மழை பெய்த காட்டில் திருடன் காய்ந்த சருகை மிதித்த சத்தம் எப்படிக் கேட்டது என்று நண்டு கேட்கும். முயல் எப்போது மரமேறக் கற்றுக்கொண்டு தேனடையை இறக்கியது என்று கேட்கும்.

ஒரு மாலை, முள்ளம்பன்றி முட்டைத் திருட்டுக் கதை ஒன்று சொன்னது. மயிலின் முட்டைகள் காணாமல் போயின. கடைசியில் திருடியது ஆமை என்று தெரிந்தது. குளக்கரையே ஆரவாரித்தது.

நண்டு வழக்கம்போல் கண்களை உயர்த்தியது. "நன்றாக இருந்தது, முள்ளண்ணே. ஆனால் உன் கதைகளில் எப்போதும் சாதுதான் திருடன். ஒரு கதையிலாவது முதலில் சந்தேகப்பட்டவனே திருடனாக இருக்கக் கூடாதா? கேட்டுக் கேட்டு இவர்கள் உலகமே அப்படித்தான் என்று நம்பிவிடப் போகிறார்கள்."

முள்ளம்பன்றிக்குக் கோபம் வந்துவிட்டது. "பக்கவாட்டில் நடக்கிறவளுக்கு நேரான கதை எப்படிப் பிடிக்கும்? பிடிக்காவிட்டால் வளைக்குள்ளேயே கிட" என்றது.

எல்லாரும் சிரித்தார்கள். நண்டு வளைக்குள் போய்விட்டது. மறுநாளிலிருந்து அது கதை கேட்க வெளியே வரவில்லை. முள்ளம்பன்றிக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது.

கோடை முற்றியது. குளம் சுருங்கியது. நாணல் புதரில் கானாங்கோழி முட்டையிட்டு அடைகாத்து வந்தது. ஒரு காலை அது தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பியபோது கூட்டில் மூன்று முட்டைகளைக் காணவில்லை. அதன் அலறல் கேட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள்.

இப்படி ஒன்று நடக்காதா என்று காத்திருந்ததுபோல் குரங்கு முன்னே வந்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கூட்டைச் சுற்றி நடந்தது.

கூட்டின் அருகே ஈர மண்ணில் நகம் பதிந்த கால்தடங்கள் இருந்தன. அவற்றின் நடுவே வால் இழுபட்ட கோடு ஒன்று வளைந்து வளைந்து கறையான் புற்றின் பக்கம் போயிற்று. அந்தப் புற்றில்தான் உடும்பு குடியிருந்தது.

"இது உடும்பின் தடம்" என்றது அணில்.

"அதனால்தான் உடும்பு இல்லை" என்றது குரங்கு. "இவ்வளவு வெளிப்படையாக ஒரு தடயம் கிடந்தால், அது நம்மைத் திசைதிருப்பத்தான். எத்தனை கதை கேட்டிருக்கிறோம்?"

உடும்பும் அங்கேதான் நின்றிருந்தது. அதன் வயிறு சற்று உப்பியிருந்தது. "நானே சொல்ல நினைத்தேன்" என்று அது நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னது. "முட்டை போனால் எல்லாரும் முதலில் என்னைத்தான் நினைப்பார்கள். முதலில் நினைக்கப்படுகிறவன் என்றைக்காவது திருடனாக இருந்திருக்கிறானா?"

அதுவும் சரிதான் என்று மான் தலையசைத்தது.

அப்படியானால் வேறு யார்? யாரைச் சந்தேகிக்கவே முடியாதோ அவன்தான் என்றது குரங்கு. முட்டையைத் தொடாதவன். கிழங்கும் வேரும் தின்று பிழைப்பவன். அது சொல்லச் சொல்ல, எல்லார் பார்வையும் மெல்ல முள்ளம்பன்றியின் பக்கம் திரும்பியது.

விளையாட்டு என்று நினைத்து முள்ளம்பன்றி சிரித்தது. சிரித்ததே தப்பாகப் போயிற்று. கதையில் திருடனும் இப்படித்தான் சிரிப்பான் என்றது அணில். முட்டைத் திருட்டுக் கதையை முன்னாலேயே சொல்லிவைத்த துணிச்சலைப் பாருங்கள் என்றது குரங்கு.

"நான் முட்டையே தின்பதில்லை" என்று முள்ளம்பன்றி கதறியது.

"தின்னாதவன்மேல் சந்தேகம் வராது என்று உனக்குத் தெரியும்" என்று பதில் வந்தது.

எதைச் சொன்னாலும் அதன் கதைகளே அதற்கு எதிராகச் சாட்சி சொல்லின. முள்ளம்பன்றி இனி இந்தக் குளத்தில் வாய் வைக்கக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. அடுத்த தண்ணீர் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது. இந்த வெயிலில், அந்தக் குட்டைக் கால்களை வைத்துக்கொண்டு அங்கே உயிரோடு போய்ச் சேர முடியாது. அது எல்லாருக்கும் தெரியும். முள்ளம்பன்றிக்கும் தெரியும். நேற்றுவரை தன்னைப் புகழ்ந்த முகங்களை அது ஒவ்வொன்றாகப் பார்த்தது. யாரும் அதன் கண்ணைப் பார்க்கவில்லை.

அப்போது கரையில் கொஞ்சம் மண் சரிந்தது. வளையிலிருந்து நண்டு வெளியே வந்தது.

"தீர்ப்பு நன்றாக இருந்தது, குரங்கண்ணே. ஆனால்..."

"வந்துவிட்டாளா!" என்று குரங்கு தலையில் கை வைத்தது.

"முள்ளண்ணன் முட்டை எடுத்ததை யார் பார்த்தது?" என்று நண்டு கேட்டது.

எல்லாரும் குரங்கைப் பார்த்தார்கள்.

"கதையில் முள்ளண்ணன் திருடனை ஒளித்துவைப்பார். நாம் தேடித் தேடி ரசிக்க வேண்டும் என்று நரியையும் ஓநாயையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். இங்கே நமக்காக யார் ஒளித்துவைத்தது? தடம் போகிற இடத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன குறைந்துவிடும்?"

உடும்பு தனக்கு வேலை இருப்பதாகச் சொல்லி மெல்ல நகர்ந்தது. மான் வழியை மறித்து நின்றது. கானாங்கோழி யாருக்கும் காத்திராமல் தடத்தின்மேலேயே ஓடியது. புற்றின் வாயிலில் உடைந்த ஓட்டுத் துண்டுகள் கிடந்தன. உள்ளே, அடுத்த வேளைக்கு என்று வைத்திருந்த ஒரு முட்டை முழுசாக இருந்தது. புற்றுமண்ணின் கதகதப்பில் அது ஆறாமல் இருந்தது.

கானாங்கோழி அதை மெல்ல உருட்டிக்கொண்டு போய்க் கூட்டில் சேர்த்தது. மேலே உட்கார்ந்து சிறகைப் பரப்பிய பிறகுதான் அழுதது. மற்றவர்கள் உடும்பை மலைக்கு அந்தப் பக்கம் விரட்டினார்கள். குரங்கு, தான் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டது.

முள்ளம்பன்றி குளத்தில் வாய் வைத்து நெடுநேரம் குடித்தது. பிறகு நண்டின் வளைக்குப் பக்கத்தில் போய் முட்களைத் தாழ்த்திப் படுத்தது.

"எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி செய்து விரட்டினேன். நீ ஏன் எனக்காக வந்தாய்?"

"உன் கதை எனக்குப் பிடிக்கும், அண்ணே. பிடிக்காத கதையில் யாராவது ஓட்டை தேடிக்கொண்டிருப்பார்களா? வளைக்குள் இருந்தபடியே தினமும் கேட்டேன். அந்தச் சருகுச் சத்தத்தை நீ இன்னும் விடவில்லை."

முள்ளம்பன்றி வளையின் வாயருகே தலையைச் சாய்த்தது. "நன்றி, தங்கச்சி" என்று மட்டும் சொன்னது.

மறுநாள் மாலை அது புதுக் கதை ஒன்று சொன்னது. கொக்கின் மீன் காணாமல் போகிறது. தொடக்கத்திலேயே நீர்நாய் வாயோரத்தில் செதிலோடு வந்து நிற்கிறது. ஆனால் கதை போன போக்கில் எல்லாரும் நத்தைதான் திருடன் என்று சத்தியம் செய்தார்கள். குரங்கு இந்த முறை கதை முடியும் முன்பே நத்தைதான் என்று அறிவித்துவிட்டது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்தது.

"நீர்நாய்தான்" என்றது.

ஒருவர்கூடக் கண்டுபிடித்திருக்கவில்லை. இதுவரை சொன்னதில் இதுதான் சிறந்த கதை என்று மான் துள்ளியது. அணில் மறுபடி ஒரு முறை சொல்லச் சொன்னது. முள்ளம்பன்றி எதையும் காதில் வாங்காமல் கரைப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

நண்டு கண்களை உயர்த்தியது. "கதை நன்றாக இருந்தது, அண்ணே. ஆனால்..."

"சொல்லு, தங்கச்சி" என்று முள்ளம்பன்றி நகர்ந்து அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

நம்மைப் புகழ்கிறவர்கள் நம் மனத்தைக் குளிர்விக்கிறார்கள். நம் குறையை நேரே சொல்கிறவர்தான் நமக்கு ஆபத்து வரும்போது உண்மையையும் சொல்வார் என்பதால், அவருக்கே நாம் முதலில் நன்றி சொல்ல வேண்டும்.