நடுவில் ஒரு பெட்டி

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற நஸ்ரீனிடம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விருப்ப ஓய்வு வாங்கிய சங்கரபாண்டியன் தொழில் படிக்கச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. போகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் அவரைத்தான் முதலாளி என்று நினைத்து நாற்காலி போடுவார்கள். மனுஷன் முதல் ரெண்டு மாதம் மறுப்பே சொல்லாமல் உட்கார்ந்தவர்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு கேள்வி கேட்டார்.

"இருபத்தொன்பது வருஷம் நான் படிச்ச வேலை எதுக்கும் ஆகாமப் போச்சே, டீச்சரம்மா?"

"நேரம் வரட்டும், சொல்லுதேன்," என்றாள் நஸ்ரீன்.

ஒரு நாள் காலையில் பார்வையற்றோர் பள்ளி ஒன்றிலிருந்து, அச்சடிக்க ஃபைல் போகவில்லை என்று அழைப்பு வந்தது. அங்கே புதிதாக எட்டு கம்ப்யூட்டர்கள் வந்திறங்கியிருந்தன. விரலால் தடவி வாசிக்கிற பிரெய்ல் எழுத்தை அடிக்கும் அச்சு இயந்திரத்தை மட்டும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றுதான் ஓட்டும். அந்த இயந்திரம் வேறு எதோடும் சேராது. பென் டிரைவ் சொருகக்கூட அந்தப் பழைய கம்ப்யூட்டரில் இடமில்லை; எந்த ஃபைலும் புதுசிலிருந்து ஒயர் வழியாகத்தான் அதற்குப் போகவேண்டும்.

மறுநாள் பதினோரு பிள்ளைகளுக்குப் பரீட்சை. இத்தனை வருஷமும் கேள்வியை யாராவது வாசித்துச் சொல்லக் கேட்டுத்தான் எழுதினார்கள். இந்தத் தடவை எங்கள் விரலால் நாங்களே வாசிப்போம் என்று எழுதிக் கொடுத்து, போராடிச் சம்மதம் வாங்கியிருந்தார்கள். நாலு மணிக்குள் வினாத்தாள் அச்சாகி உறைக்குள் போகவேண்டும். தவறினால் பழையபடி வாசிக்க ஆள் வரும்.

சங்கரபாண்டியன் அன்று ஒன்பது மணிக்கே போய்விட்டார். நஸ்ரீன் போய்ச் சேரும்போது பன்னிரண்டு. பழைய கம்ப்யூட்டர் மேஜை மேல் பிரிந்து கிடந்தது.

"என்ன அண்ணாச்சி இது?"

"பழசு செத்துப்போச்சு, டீச்சரம்மா. புதுசுல இருந்து எத்தனை தடவ அனுப்பினாலும் ஃபைல் போக மாட்டேங்கு. கார்டை மாத்தினேன், ஒயரை மாத்தினேன். தூக்கிப் போட வேண்டியதுதான்."

அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் தெபொராள் உட்கார்ந்திருந்தாள். பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்தொன்பது வருஷமாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவள் அவள்தான்.

நஸ்ரீன் அவளிடம் போனாள். "அக்கா, இவர் ஃபைல் அனுப்பும்போது உங்க கம்ப்யூட்டர் என்ன செய்யுது?"

"பதில் சொல்லுது. அவரு அங்க தட்டினா இதுக்குள்ள கிர்ருனு ஒரு சத்தம் வரும், உடனே அடங்கிரும். பிரிச்சுப் போடுததுக்கு முன்னால இருபத்திமூணு தடவ வந்துச்சு."

"அட, எங்கிட்ட சொல்லலியேம்மா!" என்றார் சங்கரபாண்டியன்.

"சொல்லத்தான் வந்தேன். கொஞ்சம் தள்ளி இருங்கம்மான்னுட்டீங்க."

அவருக்கு முகம் கருத்துவிட்டது. நஸ்ரீன் திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒரு தடவை அனுப்பிப் பார்த்தார்கள். மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். கிர்ரென்றது. அடங்கியது.

"பழசு நல்லாத்தான் இருக்கு," என்றாள் நஸ்ரீன். "புதுசுதான் முகத்தைத் திருப்பிக்கிடுது. ஃபைல் வாங்கப் பழசுக்குத் தெரிஞ்ச முறை ஒண்ணே ஒண்ணு. அது வழியா திருடன் வந்துருவான்னு புதுசுல அதை அடைச்சே அனுப்புதாங்க."

"இவ்வளவுதானா! எட்டுலயும் அதைத் திறந்து விட்ருவோம். பத்து நிமிஷ வேலை."

"பிள்ளைங்க வீட்டு விலாசம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் அந்த எட்டுலதான் இருக்கு. எட்டும் இன்டர்நெட்ல இருக்கு. திறக்கட்டுமா?"

சங்கரபாண்டியன் நெற்றியைத் துடைத்தார். "புதுசைத் திறக்கக் கூடாது, பழசைத் தூக்க முடியாது. பின்ன என்னதான் வழி? நீங்களே சொல்லுங்க!"

"நாலு மணி, சார்," என்றாள் தெபொராள். "பிள்ளைங்க காலைல இருந்து அந்த வாசல்ல வந்து வந்து கேட்டுட்டுப் போகுதுங்க."

நஸ்ரீன் சாவகாசமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க வேலைக்குச் சேர்ந்தப்போ எந்த எக்ஸ்சேஞ்ச்?"

"இப்பவா அந்தக் கதை?"

"சொல்லுங்க."

"டவுன்ல அப்பவே புதுசு வந்துட்டு. நம்பரைச் சுத்தினா தானா போகும். சுத்துப்பட்டி ஊரெல்லாம் பழசு. ஆள் இருந்து கையால ஒயரைச் சொருகணும்."

"டவுன்காரர் சுத்துப்பட்டிக்குப் பேசணும்னா?"

"நடுவுல ஒரு பலகை இருக்கும். ரெண்டு பக்க ஒயரும் அதுக்கு வரும். இங்க வாங்கி அங்க கொடுக்க ஒருத்தன் உட்கார்ந்திருப்பான்."

"யாரு அவன்?"

சங்கரபாண்டியன் அவளையே பார்த்தார்.

"நாந்தான்," என்றார். சொல்லி முடிக்குமுன்பே எழுந்துவிட்டார். "டீச்சரம்மா, கடைல ஒரு பழைய லேப்டாப் கிடக்குல்லா?"

"என் பையில இருக்கு."

லேப்டாப்பிலிருந்து ஒரு ஒயர் பழசுக்கு மட்டும் போனது, இன்னொன்று அந்த எட்டும் சேர்கிற இடத்துக்கு. ஒயர் இழுத்து முனை பூட்டுகிற வேலையை அவர் யாரையும் தொடவிடவில்லை. ஒரு முனைகூடத் தப்பவில்லை. புதுசு தன் முறைப்படி ஃபைலை நடுப்பெட்டியான லேப்டாப்பில் வைக்க, பழசு தன் முறைப்படி அதை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை ஒன்று தொடவே வேண்டாம்; அடைத்த வழி லேப்டாப்பில் மட்டும் திறந்திருக்கும், அதில் திருட எதுவும் கிடையாது. அதற்கான ஏற்பாட்டை நஸ்ரீன் செய்தாள்.

ஒன்றே முக்காலுக்கு முதல் ஃபைலை அனுப்பினார்கள். கிர்ரென்றது. இந்தத் தடவை அடங்கவில்லை. அச்சு இயந்திரம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. வெளியே வந்த தாளில் தெபொராள் விரலை ஓட்டினாள்.

"எல்லா வினாக்களுக்கும் விடையளி," என்று வாசித்தவள் அழுதுகொண்டே சிரித்தாள். "என் பிள்ளைங்க நாளைக்கு யார் வாயையும் பார்த்துட்டு இருக்க வேண்டாம்!"

மூன்று நாற்பதுக்குப் பதினோரு உறைகளும் ஒட்டியாகிவிட்டது.

தலைமையாசிரியர் சர்வீஸ் படிவத்தோடு ஓடிவந்து, சங்கரபாண்டியனுக்கு நாற்காலி போட்டார். "பெரியவர் நீங்க, உட்காருங்க."

"வயசுல மட்டுந்தான் சார் பெரியவன். எங்க டீச்சர் இவங்க." நாற்காலியைத் தூக்கி நஸ்ரீன் முன்னால் போட்டுவிட்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

நின்றபடியே படிவத்தை நிரப்பினார். பழுதான கருவி என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினார். கண்டறிந்தவர் என்ற இடத்தில் தெபொராள் பெயரை எழுதினார். வேலை செய்தவர் என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கித் தன் பெயரையும், அனுபவம் என்ற கட்டத்தில் 'எட்டு மாதம்' என்றும் எழுதி நீட்டினார்.

நஸ்ரீன் வாசித்துவிட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கணக்கு தப்பா இருக்கு, அண்ணாச்சி. இருபத்தொன்பது வருஷத்தை விட்டுட்டீங்க."