அடுத்த கட்டில்

“சாமி, ஒரு பொண்ணை ஏமாத்திட்டேன். தெரிஞ்சு செய்யல. இப்ப அதைச் சொல்லவா, மறைக்கவா?”

கேட்டது தங்கபுஷ்பம். அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருஷமாக நர்ஸ். கொரோனா வார்டில் ஏழு நாள் வேலை, ஏழு நாள் தனிமை, ஏழு நாள் வீடு என்று நாலு மாசமாக ஓடிக்கொண்டிருந்தவள்.

கேட்டது சங்கிலி சாமியிடம். வயசு முப்பத்தொண்ணு. மலையடிவாரத்து மடத்தில் பழைய சாமி போன பிறகு அவர் இடத்தில் உட்கார்ந்தவர். பழைய சாமி காலத்திலிருந்தே அவள் வந்துபோகிறவள் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

மடத்து முற்றத்தில் ஆறடிக்கு ஒன்றாகச் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது. ஒரு வட்டத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். சாமி எதிரே அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மத்தியானக் கஞ்சிக்கு முந்நூறு பேர் வருவார்கள்.

“எனக்குத் தெரியலக்கா” என்றார்.

“சாமியே தெரியலைன்னா?”

“சாமிக்குத் தெரியும். நான் சங்கிலிதானே.”

அவள் பையைத் திறந்து ஆக்சிமீட்டரை எடுத்தாள்.

“கையை நீட்டுங்க.”

நீட்டினார். விரலில் மாட்டிப் பார்த்தாள்.

“தொண்ணூத்தெட்டு.”

“பாஸா?”

“பாஸ்.”

“எல்லார் விரலையும் இப்படித்தான் பாக்கீங்களா?”

“பால்காரரு, பஸ் கண்டக்டரு, தூங்குற வீட்டுக்காரரு. அவுக கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டுத் திரும்பிப் படுக்காவ. அந்த இழுப்புல உயிரு இருக்குன்னு தெரிஞ்சுக்கிடுதேன்.”

“தூக்கம் வருதா?”

“இல்ல.”

“அழுகை?”

“அதுவும் இல்ல. டாக்டரம்மாகிட்டப் போனேன். மாத்திரை குடுத்தாவ. நல்லா மூச்சை இழுத்து விடுங்கன்னாவ. நாள் பூரா அடுத்தவங்களை மூச்சை இழுங்க, இழுங்கன்னு கத்திட்டு வாரேன். என்னையப் போய் இழுக்கச் சொல்லுதாவ.”

சாமி சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வரும் போலிருந்தது. வரவில்லை.

“மாத்திரை போடுதீங்களா?”

“போடுதேன்.”

“விடாமப் போடுங்க.”

எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“இந்த டம்ளர் கதை எனக்குத் தெரியும் சாமி. இதை எவ்வளவு நேரம் கையில பிடிச்சிருப்பேன்னு கேப்பீங்க. கை வலிக்கும்பேன். அப்ப இறக்கி வைங்கம்பீங்க.”

“வெயில்ல வந்திருக்கீங்க. குடிக்கத்தான் குடுத்தேன்.”

குடித்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

“ரெண்டு கட்டில் சாமி. பக்கத்துப் பக்கத்துல. பதினாலாம் நம்பர்ல ஒரு பெரியவரு. அவருக்கு ஒரு மக உண்டு. பதினஞ்சுல இன்னொரு பெரியவரு. பஸ் ஸ்டாண்டுல விழுந்து கிடந்தாருன்னு ஆம்புலன்ஸுல கொண்டாந்தது. அவருக்கு யாருமில்ல. சீட்டுல போன் நம்பர் எழுதுற இடத்துல வெறும் கோடு.”

“சரி.”

“ரெண்டு பேருக்கும் வெள்ளைத் தாடி. மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க். எனக்குக் கண்ணாடி பூரா ஆவி. அடையாளம்னா கட்டில் கால்மாட்டுல தொங்குற சீட்டுதான்.”

“சரி.”

“நான் உள்ள போறதுக்கு முன்னாடி, பதினாலாம் கட்டில்ல ஆக்சிஜன் சரியா வரலைன்னு ரெண்டு பேரையும் மாத்திப் படுக்க வச்சிருக்காவ. மோசமா இருந்த அந்த மகளோட அப்பாவைப் பதினஞ்சுக்கு. யாருமில்லாதவரைப் பதினாலுக்கு. ஆளு மாறியாச்சு, சீட்டு மாறல. ஓடுற ஓட்டத்துல எனக்கு யாரும் சொல்லல. அவுக கையில ஒட்டுன பேரை நானும் பாக்கல.”

சாமி ஒரு துண்டு நறுக்கிச் சட்டியில் போட்டார்.

“மகளை வீடியோவுல கூப்பிட்டு, கவர்ல போட்ட போனைப் பதினாலுல கிடந்தவரு முகத்துக்கு நேரே பிடிச்சேன். நெட்டு விட்டு விட்டு வருது. அந்தப் புள்ள அழுதா. இஷ்டப்பட்டவனைக் கட்டிக்கிட்டுப் போயிட்டாளாம். ஆறு வருஷமா அப்பன் பேசலையாம். ‘அப்பா, மன்னிச்சிட்டேன்னு கையைத் தூக்குங்கப்பா, அது போதும்’னா.”

“தூக்கினாரா?”

“தூக்கினாரு. ஊசி குத்துன கை. நடுங்க நடுங்கத் தூக்கினாரு.”

அரிவாள்மணை நின்றது.

“அன்னைக்குச் சாயங்காலம் பதினஞ்சுல கிடந்தவரு போயிட்டாரு. உடம்பைப் பொட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி கையில இருந்த பேரைப் பாத்தேன். அந்தப் புள்ளையோட அப்பன் அவருதான்.”

“கை தூக்குனவரு?”

“மூணாம் நாள் அவரும் போயிட்டாரு.”

ஒரு காக்கா வந்து பூசணி விதையைக் கொத்தியது. இருவரும் அதை விரட்டவில்லை.

“அந்தப் பொண்ணு வாரா வாரம் போன் பண்ணுதா. ‘நீங்க போனைப் பிடிக்கலைன்னா எங்கப்பா மன்னிக்காமலே போயிருப்பாவம்மா, இப்பத்தான் நான் தூங்குதேன்’ங்கா. இந்த ஞாயித்துக்கிழமை நேர்ல வாரா, எனக்குச் சேலை எடுத்துக்கிட்டு. சொன்னா அவ தூக்கம் போயிரும். சொல்லலைன்னா என் தூக்கம் வராது. திங்கக்கிழமை எனக்கு மறுபடி வார்டு. இந்தக் கையால இனி யாரு முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பேன்?”

“பொண்ணு பேரு என்ன?”

“தெரியாது.”

“வாரா வாரம் பேசுதா, பேரு தெரியாதா?”

“‘பதினாலு மக’ன்னு போன்ல போட்டு வச்சிருக்கேன். அவளும் எடுத்ததும் ‘பதினாலாம் கட்டில்காரரு மக பேசுதேன்’பா. அங்க யாருக்கும் பேரு கிடையாது சாமி. எனக்கே கவச உடுப்பு முதுகுல மார்க்கர்ல எழுதுனாத்தான் பேரு.”

சாமி கையைத் துடைத்தார்.

“எந்திரிங்க.”

“போகவா?”

“அந்தப் பக்கத்து வட்டத்துல போய் உக்காருங்க.”

அவள் எழுந்து அடுத்த வட்டத்தில் போய் உட்கார்ந்தாள். அங்கே நிழல் இல்லை.

“இப்பச் சொல்லுங்க.”

“இப்பத்தானே சொன்னேன்!”

“பதினாலுல இருந்து சொன்னீங்க. பதினஞ்சுல இருந்து சொல்லுங்க.”

“அங்க சொல்ல என்ன இருக்கு? போனை நான் அங்க பிடிக்கலையே.”

“போனை வச்சிட்டு எங்க போனீங்க?”

யோசித்தாள். முகக்கவசத்தை மூக்கின் மேல் அழுத்தி விட்டுக்கொண்டாள். அழுத்தியதை மறந்து மறுபடி அழுத்தினாள்.

“பதினஞ்சுக்குத்தான் போனேன்.”

“ஏன்?”

“சீட்டுல கோடு இருந்துச்சே. பக்கத்துக் கட்டில்காரருக்கு மக கூப்பிட்டுட்டா, இவருக்குக் கூப்பிட நாதியில்லையேன்னு… ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தேன். யாருக்கும் அப்படி உக்காந்ததில்ல. நேரமிருக்காது. அன்னைக்கு உக்காந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும். மூத்த நர்ஸு உக்காந்துட்டாளேன்னு ரெண்டு பேரு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாளுவ, எனக்குத்தான் மயக்கம்னு நினைச்சு.”

“என்ன செஞ்சீங்க?”

“பஞ்சைத் தண்ணியில நனைச்சு உதட்டுல வச்சேன். அவரு என்னமோ கேட்டாரு. மாஸ்கைத் துளி தூக்குனேன்.”

“என்ன கேட்டாரு?”

“‘வடிவு வந்துட்டாளா’ன்னாரு.”

“நீங்க?”

“யாரோ வடிவு. காய்ச்சல் வேகத்துல பிதற்றுதாருன்னு நினைச்சேன். மனசு கேக்கல. ‘வந்துட்டேன்’னு சொல்லிட்டேன். கிளவுஸ் போட்ட விரலைப் பிடிச்சாரு. விடவே இல்ல.”

“அப்புறம்?”

“இதையெல்லாம் நானே மறந்துட்டேன் சாமி. யாருகிட்டயும் சொல்லல. யாருமில்லாதவரு கட்டில் கதைதானேன்னு…”

“அப்புறம்?”

“‘சாப்பிட்டியா’ன்னாரு. ‘ஆமா’ன்னேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிட்டு, ‘மாப்பிள்ளை சாப்…’”

நின்றுவிட்டாள்.



“‘மாப்பிள்ளை சாப்பிட்டாரா’ன்னு கேட்டாரு.”

வெயில் அவள் மடியில் கிடந்தது. தான் உட்கார்ந்திருந்த வட்டத்தைப் பார்த்தாள், காலி வட்டத்தைப் பார்த்தாள், மறுபடி இதைப் பார்த்தாள்.

“சாமி, அப்படின்னா நான்… அன்னைக்கு யாரு பக்கத்துல…”

சாமி அரிவாள்மணைக்குத் திரும்பினார். பூசணிக்காயில் பாதி மிச்சமிருந்தது.

அவள் போனை எடுத்தாள். இரண்டு தடவை வேறு பேரை அழுத்தி, மூன்றாவது தடவைதான் சரியாகப் போயிற்று.

“அம்மா! நானே கூப்பிடணும்னு இருந்தேன். உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும்?”

“தாயி, உன் பேரு என்ன?”

“பேரா? இத்தனை நாளும் சொல்லவே இல்லையாம்மா நான்?” அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. “சண்முகவடிவு. அப்பா மட்டும் வடிவும்பாவ. ஏம்மா? ஏன் அழுவுதீங்க?”

தங்கபுஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

“வடிவு, சேலை எல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிட்டு வா. உங்கப்பா அவரைத்தான் கேட்டாவ.”