வரிசையோட கடைசி எங்க?

டேய், காலை மடக்குங்கடா. முக்குக் கடையில டீ குடிக்கவே பைக் எடுக்கிற கூட்டம் நீங்க, மலை சுத்துற கதை கேக்க வந்துட்டீங்க! சரி, கேளுங்க.

முன்னொரு காலத்துல குன்றையூர கோமாறன்னு ஒரு ராஜா ஆண்டாரு. ஊர் நடுவுல மலை, அதச் சுத்தி ராஜவீதி. ராஜாவுக்கு நிமிஷத்துக்கு ஒரு புத்தி. ஒரு பௌர்ணமிக்கு மலை சுத்தக் கிளம்பிட்டாரு. அவரு மந்திரி பேச்சைக் கேக்குறதப் பாத்து வயிறெரிஞ்சுக்கிட்டிருந்த தளவாய் வீரபாகு, நல்ல பேரு வாங்க தண்டோரா போட்டான்: "ராஜாவுக்கு முன்னால எவன் நடந்தாலும் ஊரை விட்டே துரத்திருவோம்!"

ராஜா நடந்தாரு. பின்னால வீரபாகு. அவனுக்குப் பின்னால மொத்த ஊரு! கடைசி ஆளு கிளம்புறதுக்குள்ள ராஜா மலையையே சுத்தி வந்துட்டாரு. பாத்தா, பத்தடி முன்னால இடுப்புல புள்ளையோட அங்காயின்னு ஒருத்தி போய்க்கிட்டிருக்கா.

வீரபாகு பாஞ்சான். "ஏய்! ராஜாவுக்கே முன்னாலயா?"

"நல்லா இருக்கே! கடைசியா கிளம்பினவளே நாந்தான்யா. புள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுக்கு வேண்டுதல். முடிக்காம நகர மாட்டேன்."

"மகாராஜா, வாயப் பாத்தீங்களா? இப்பவே துரத்தணும்!"

ராஜாவும் தலையாட்டிட்டாரு. அங்காயி புள்ளைய இறுக்கிக்கிட்டா.

அப்பத்தான் மந்திரி பொறையன் மூச்சு வாங்க வந்து சேந்தாரு. "துரத்துங்க மகாராஜா. ஆனா பெரிய குத்தவாளிய முதல்ல துரத்தணும்ல? இவ பத்தடிதான் முன்னால. தளவாய் ஊருக்கே முன்னால போயிட்டாரே!"

"ஓய் மந்திரி! நான் ராஜாவுக்கு ஓரடி பின்னால நிக்கிறது கண்ணுக்குத் தெரியலயா?"

"இது வட்டமாச்சே தளவாயாரே. அங்காயிக்கு முன்னால யாரு, அவனுக்கு முன்னால யாருன்னு பாத்துக்கிட்டே நடங்க. மலையைச் சுத்தி உங்க முதுகுலதான் வந்து முட்டுவீங்க. இவ முன்னாலன்னா, ராஜாவத் தாண்டி எல்லாருக்கும் முன்னால போனவரு நீங்கதான்!"

என்னா மூளைடா அது! ராஜா வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சாரு. பொறையன் கழுத்துல தன் முத்துமாலையைப் போட்டாரு.

"நீ நட தாயி, நான் உன் பின்னாலயே வர்றேன். வீரபாகு, நீ போய் வரிசையோட கடைசியில நில்லு!"

ராஜாவே அங்காயி பின்னால சேந்துட்டாரா, வட்டம் மூடிக்கிச்சு. வீரபாகு ஒவ்வொருத்தனையா கேட்டான், "நீதானே கடைசி?"

"எனக்குப் பின்னாலயும் ஆளு வருதுங்களே!"

விடியிற வரைக்கும் தேடினான் பாவம். அங்காயி வேண்டுதல முடிச்சு, புள்ளையத் தூங்க வெச்சுட்டா.

என்னடா முறைக்கிறீங்க? நான் சுத்தினேனான்னா? போன பௌர்ணமிக்குப் போனேன். பாதியில சுண்டல் கடையில உக்காந்தேன். மிச்சத்த ஷேர் ஆட்டோ சுத்திச்சு.