நாய் சுற்றும் மூன்று சுற்று

அந்தக் காலத்தில் நாயும் பூனையும் நம்மைப் போலவே பேசும். பேசும் என்றால் நல்லதை மட்டுமா பேசும்? கோள் சொல்லும், குத்திக் காட்டும், கோபம் வந்தால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு பேசாமலும் இருக்கும். அப்படி ஒரு பூனை பேசாமல் இருந்த கதைதான் இது.

ஓடைக்கரையில் தனி வீடு ஒன்று. சங்கிலி என்கிற குடியானவனும் அவன் மனைவி ராக்குவும் அதில் இருந்தார்கள். கன்றுக்குட்டி உயரத்துக்குச் செவலை என்று ஒரு நாய், அடுப்படியை விட்டு நகராத ஒரு சாம்பல் பூனை. ராக்கு இரண்டு பிள்ளை பெற்று இரண்டையும் மண்ணுக்குக் கொடுத்தவள். மூன்றாவதாக ஒரு பெண் பிறந்து அன்றைக்கு ஒன்பது நாள். பெயர்கூட வைக்கவில்லை. இதாவது தங்க வேண்டும் என்று அவள் கும்பிடாத சாமி இல்லை. செவலையும் தன் பங்குக்கு, "இந்தப் பிள்ளைக்கு நான் காவல் தாயி, நீ தூங்கு" என்று சொல்லியிருந்தது.

ஐப்பசி அடைமழை. நடவு முடிந்துவிட்டது, வயலில் வேலை இல்லை. இரண்டு நாள் எல்லோரும் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். சங்கிலி கயிறு திரித்தான், ராக்கு பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி புளியங்கொட்டை வறுக்கச் சொல்லிக் கேட்டு வாங்கித் தின்றாள். அந்த வீட்டில் அத்தனை சந்தோஷம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு சின்னச் சண்டை. பால் ஊற வேண்டும் என்று ராக்குவுக்காக வாங்கிவைத்த பால்சுறாக் கருவாட்டைப் பூனை இழுத்துப் போட்டுத் தின்றுவிட்டது. செவலை அதை அப்படியே போய்ச் சொல்லிவிட்டது. சங்கிலி அகப்பைக் காம்பால் பூனையின் முதுகில் ஒன்று வைத்தான்.

"கோள்மூட்டி! இனிமே உன்கூட ஒரு வார்த்தை பேசினா ஏன்னு கேளு" என்றது பூனை.

"திருடித் தின்னுட்டுப் பேச்சப் பாரு" என்றது செவலை.

உச்சிப்பொழுதில் ஓடை பெருகியது. ஆடுகள் அக்கரைப் பட்டியில் நின்றன. சங்கிலியும் செவலையும் ஓடினார்கள். இங்கே வீட்டில், குழந்தை படுத்திருந்த கட்டிலுக்கு நேர் மேலே கூரை ஒழுக ஆரம்பித்தது. ராக்கு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். சொட்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உரலுக்குப் பின்னால், செவலை படுக்கிற மூலை.

பச்சைப் பிள்ளையைப் புதுத்துணியில் போடுகிற வழக்கம் அங்கே கிடையாது. துவைத்துத் துவைத்து இற்றுப்போன பழந்துணிதான் போடுவார்கள். செவலைக்குப் படுக்கையும் அந்த வீட்டுப் பழந்துணிதான். ராக்கு அந்தக் குவியலின் மேலேயே ஒரு பழைய வேட்டியை விரித்துக் குழந்தையைக் கிடத்தினாள். கிழிந்த சேலை ஒன்றைக் குளிருக்காகத் தலைவரைக்கும் போர்த்தினாள். எட்ட நின்று பார்த்தால் வெறும் துணிக்குவியல்தான்.

அந்த நேரம் பார்த்துத் தொழுவத்துச் சுவர் சரிந்தது. கன்று கத்தியது. "பிள்ளையப் பாத்துக்க, இந்தா வந்துர்றேன்" என்று பூனையிடம் சொல்லிவிட்டு ராக்கு ஓடினாள்.

பதினோரு ஆட்டையும் வெள்ளத்தில் ஒன்றுகூடப் போகாமல் கரையேற்றிக்கொண்டு வந்தது செவலை. மூக்கு நிறையச் சேறு, மோப்பமே தெரியவில்லை; அலுப்பில் நிற்கவும் முடியவில்லை. ஆடுகளைத் தொழுவத்துக்கு ஓட்டிய சங்கிலி அதன் தலையைத் தடவிக்கொடுத்து, "போயி உன் எடத்துல படு ராசா" என்றான்.

செவலை உள்ளே வந்தது. பூனை பார்த்தது. "அங்கே குழந்தை" என்று இரண்டு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் காலையில் வாங்கிய அடி முதுகில் இன்னும் வலித்தது. ஈர நாய் மேலே பட்டால் பிள்ளை வீறிட்டு அழும், ராக்கு வந்து இவனையும் நாலு சாத்துவாள், நன்றாக வாங்கட்டும் என்று அது வாயை மூடிக்கொண்டது.

அந்த நாளில் நாய்கள் பார்த்துப் படுப்பதில்லை. நின்ற இடத்தில் தொப்பென்று விழும். செவலை தன் மூலைக்குப் போய்த் துணிக்குவியல் மேல் அப்படியே விழுந்தது. விழுந்ததும் தூங்கிப்போனது.

பூனை அழுகைக்காகக் காத்திருந்தது. அழுகை வரவில்லை.

ராக்கு திரும்பி வந்து துணியை விலக்கியதும் போட்ட கூச்சலில்தான் செவலை விழித்தது. சங்கிலி உலக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். செவலை ஓடவில்லை. தலையைத் தரையில் வைத்துக் காட்டியது.

"நான் பாக்கல தாயி" என்றது.

அடுப்படியிலிருந்து பூனை சொன்னது: "நான் பாத்தேன்."

"உன் எடத்துல படு" என்று தான் சொன்ன சொல் சங்கிலிக்கு நினைவுக்கு வந்தது. உலக்கை கையிலிருந்து நழுவியது. அன்று சாயங்காலம், குழியில் ஊறிய தண்ணீரை இறைத்து இறைத்து, அதே பழந்துணியோடு குழந்தையைப் புதைத்தார்கள்.

அதற்குப் பிறகு அந்த இரண்டும் பேசவில்லை. யாரும் தடுக்கவில்லை, அவற்றுக்குத்தான் வாய் வரவில்லை. அவற்றின் குட்டிகளுக்குப் பேசச் சொல்லித்தர ஆளில்லாமல் போனது. இன்றைக்கு இருக்கிற நாய் பூனை எல்லாம் அவற்றின் வழி வந்தவைதான்.

செவலை வீட்டுக்குள்ளும் வரவில்லை. மழையிலேயே நின்றது, நின்றபடியே கண்ணயர்ந்தது. எட்டாம் நாள் ராக்கு கதவைத் திறந்து, "உள்ள வா" என்றாள். மூலையில் ஒரு வெறும் சாக்கை விரித்தாள். செவலை அதை முகர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. படுக்கவில்லை. காலால் மெல்ல அழுத்திப் பார்த்து இன்னொரு சுற்று வந்தது. அப்போதும் மனம் வரவில்லை.

ராக்கு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. படு" என்றாள்.

செவலை மூன்றாவது முறையும் சுற்றிவிட்டுத்தான் படுத்தது.

அன்று பிடித்த பயம்தான் இன்றும் எந்த நாயையும் விடவில்லை. கீழே எதுவுமே இருக்க முடியாத வெறும் பாறையாக இருந்தாலும், மூன்று சுற்றுச் சுற்றிப் பார்க்காமல் அது படுப்பதில்லை.