விரலை எடுத்த பிறகு

ஆசிரமத்து மாட்டுக்கொட்டகையின் மேல் ஒரு சில்வர் ஓக் மரம் சாய்ந்து நின்றது. ஐப்பசி மழை வலுத்தால் தாங்காது. அடியில் ஒன்பது மாடுகள். மரத்தை அறுக்க ரம்ப மிஷின் வாங்கும் பொறுப்பு சமையல்கட்டுச் செங்கோடனிடம் வந்தது.

செங்கோடனுக்கு ஐம்பத்தாறு வயது. அவருடைய குரு தவமணியம்மாள் அவரைவிடப் பதினான்கு வயது இளையவர். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. மலைமேல் நிம்மதியாகத்தான் இருந்தார். ஒரே வருத்தம், கூட இருக்கும் சீடர் வையாபுரி.

பங்குனி உத்திரத்தன்று, அத்தனை விருந்தாளிகள் முன்னால், "இது சாம்பாரா, கடல் தண்ணியா?" என்று கேட்டுவிட்டார் வையாபுரி.

"அதை நான் அன்னிக்கே விட்டுட்டேங்க" என்பார் செங்கோடன். சொல்லிவிட்டுக் கதையை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

பத்து நாள் விசாரித்துக் கடைசியில் இரண்டு மிஷினில் வந்து நின்றார். ஒன்று புதிய மாடல். மற்றது பழசு, வேகத்துக்காகச் சைலன்சரைத் திறந்து, செயின் பிரேக்கைக் கழற்றி மாற்றியமைத்தது. மனசு பழசின் பக்கமே சாய்ந்தது. ஆனாலும் குருவை அடிவாரத்துக் கடைக்கு அழைத்து வந்தார்.

"பழசா, புதுசாம்மா?"

"அறுத்துக் காட்டுங்க."

கடைவாசலில் கிடந்த கட்டையைப் புதுசு முப்பது எண்ணுவதற்குள் அறுத்தது. பழசு இருபதிலேயே முடித்துவிட்டது. செங்கோடனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"இப்போ புதுசை ஓட்டி, விசையிலேருந்து விரலை எடுங்க" என்றார் குரு.

எடுத்தார். செயின் நின்றது, என்ஜின் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. குரு செங்கோடன் தோளிலிருந்த துண்டை உருவிச் செயின்மேல் போட்டார். துண்டு போட்டபடியே கிடந்தது.

"இனி பழசு."

விரலை எடுத்தார். துண்டு விழுந்ததும் செயின் அதைக் கவ்வி உள்ளே இழுத்தது. மிஷின் இருமி நின்றது. பாதித் துண்டு கந்தலாகிப்போனது.

"விரலை எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேங்கம்மா!"

"அப்புறம் ஏன் ஓடுச்சு?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "என்ஜின் ஓட்டத்தைக் குறைச்சா ஆஃப் ஆயிடுதுங்க. அதனால ஏத்தி வெச்சிருக்கு. பிரேக்கும் இல்லீங்களா, அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும்."

செங்கோடன் மிஷினைக் கீழே வைத்தார். மரம் அறுக்கும்போது பக்கத்திலேயே குந்தி ஒருவர் ஆப்பு அடிக்க வேண்டும். ஆசிரமத்தில் அந்த வேலை தெரிந்தவர் ஒருவர்தான்.

"வேண்டாங்கம்மா. வையாபுரி கால் போயிடும். புதுசையே வாங்கிக்கலாம்."

"சரி."

மிஷினோடு இருவரும் மலையேறும் பஸ்ஸில் உட்கார்ந்தார்கள். ஜன்னல் காற்று இதமாக இருந்தது. இந்த மனிதர் காலையா காப்பாற்றினோம் என்று செங்கோடனுக்குச் சிரிப்பாகக்கூட இருந்தது.

"ஆயிரம் இருந்தாலும் நம்ம ஆளுங்கம்மா" என்றார். "ஆனா அன்னிக்கு, அத்தனை பேர் முன்னாடி, என் சாம்பாரைப் பார்த்து…"

குரு கந்தல் துண்டை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"அதை எப்போ விட்டதாச் சொன்னீங்க?"

"பங்குனியிலேங்கம்மா."

"இப்போ ஐப்பசி, செங்கோடன்."