மடியில் இருந்த சூடு

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே பேச்சுதான். சண்டையானாலும் சமாதானமானாலும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார்கள். அப்போது பனிக்கொம்பு மலையின் உச்சியில் ஓர் ஏரி இருந்தது. இப்போதும் இருக்கிறது. கையை வைத்தால் எலும்புவரை குத்தும் தண்ணீர். அதன் நடுவே ஒரு தீவு. அடிபட்ட முயலோ, சினை மானோ, அடைகாக்கும் பறவையோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அதை யாரும் தொடக் கூடாது. புலிகூடக் கரையில் நின்று ஒரு கொட்டாவி விட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

மனிதர்களும் போய்ப் பார்த்து வரலாம். ஆனால் தீயும் இரும்பும் தீவுக்கு ஆகாது. ஏரிக்கரையில் ஒரு தட்டைப்பாறை உண்டு. கத்தியையும் தீச்சட்டியையும் அதன்மேல் வைத்துவிட்டுத்தான் தெப்பத்தில் ஏற வேண்டும்.

தெப்பம் தள்ளியவள் கெம்பி. புருஷன் செத்த பிறகு அந்த வேலை அவள் கைக்கு வந்தது. மூடுபனி இறங்கினால் துடுப்பின் நுனியே தெரியாத ஏரி அது. ஆகவே நீர்க்காகம் ஒன்று முன்னால் நீந்தி வழிகாட்டும். அந்த நாளில் நீர்க்காகத்தின் இறகில் தண்ணீர் ஒட்டாது. எண்ணெய் தடவியதுபோல் இருக்கும். முங்கி எழுந்து ஓர் உதறு உதறினால் காய்ந்துவிடும். தீவை நெருங்கியதும் அது திரும்பிப் பார்த்துக் கேட்கும்.

"அக்கா, கையில என்ன?"

"வெறுங்கைதான் புள்ள," என்பாள் கெம்பி.

வந்தவருக்காக அவள் கொடுக்கும் வாக்கு அது. அதைக் கேட்ட பிறகுதான் நீர்க்காகம் வழி விடும். எத்தனையோ வருஷம் அவள் அதைச் சொல்லியிருக்கிறாள். ஒரு தடவைகூட அது பொய்யானதில்லை.

அந்த மலைக்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் இருந்தது. விருந்தாளியின் மூட்டையை வீட்டுக்காரர்தான் சுமக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது, பிரிக்கவும் கூடாது. கெம்பியின் மாமனார் எப்போதோ ஒரு விருந்தாளியின் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டார். உள்ளே இருந்தது ஒரு கந்தல் துணி. அந்தக் கந்தலைப் பார்த்ததற்காக 'மூட்டை பிரிச்ச வீடு' என்று பேர் ஒட்டிக்கொண்டது. அவர் போய்ச் சேர்ந்தும் பேர் போகவில்லை. கெம்பியின் மகள் பொம்மிக்கு மூன்று இடம் வந்து மூன்றும் அந்தப் பேரைக் கேட்டுத் தட்டிப்போனது. நாலாவதாகத்தான் அடுத்த மலையிலிருந்து ஒரு மாப்பிள்ளை அமைந்தான்.

கல்யாணத்துக்கு ஏழு நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் பெள்ளன் வந்து சேர்ந்தான்.

"தங்கச்சி, உங்க தீவைப் பாக்கணும்," என்றான்.

"அதுக்கென்ன அண்ணே, வாங்க," என்றாள் கெம்பி.

தட்டைப்பாறையில் பெள்ளன் கத்தியை எடுத்து வைத்தான். எல்லாருக்கும் கேட்கட்டும் என்பதுபோல் சத்தமாகவே வைத்தான். கெம்பி அவன் மூட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டாள். உறைபனி விழுந்த காலை. விரல்கள் மரத்துக் கிடந்தன. பாதி ஏரி தாண்டியபோது தொடையில் ஒரு சூடு ஏறுவது தெரிந்தது.

மூட்டையிலிருந்துதான் வந்தது. ஈரப்பாசி சுற்றிய சட்டி, உள்ளே சாம்பலில் புதைத்த கங்கு. தொட்டுப் பார்க்கவே வேண்டாம். பிறந்ததிலிருந்து தீச்சட்டி சுமந்தவளுக்கு அது தெரியாதா? தீவின் உயர்ந்த மரங்களில் தேனடைகள் தொங்குவது ஊரறிந்த விஷயம். புகை போடாமல் தேன் எடுக்க முடியாது என்பதும் ஊரறிந்ததுதான்.

கேட்டுவிடலாமா என்று அவள் வாய் திறந்தாள். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. மாமனாரைப் போலவே மருமகளும் மூட்டையைத் துழாவினாள் என்று அடுத்த மலை முழுக்கப் பேசும். வாயை மூடிக்கொண்டாள். ஒரு வெட்கக்கேடும் சொல்ல வேண்டும். அந்தக் குளிரில் மடிக்கு அந்தச் சூடு இதமாகக்கூட இருந்தது.

நீர்க்காகம் திரும்பியது. "அக்கா, கையில என்ன?"

கெம்பி துடுப்பை மட்டும் போட்டாள். நீர்க்காகம் தலையைச் சாய்த்து மறுபடி கேட்டது. "அக்கா, இந்த வருஷம் எனக்கு மூணு குஞ்சு. இன்னும் கண்ணு தொறக்கல. கையில என்ன?"

"வெறுங்கைதான் புள்ள," என்றாள் கெம்பி.

நீர்க்காகம் வழி விட்டது. பெள்ளன் மூட்டையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனான். தெப்பக்காரி தீவில் கால் வைப்பதில்லை. அதனால் அவள் தெப்பத்திலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த மனுஷன் பத்திரமாகப் புகை போட்டுப் பத்திரமாக அணைத்துவிட்டு வந்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டாள். தப்புச் செய்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

பெள்ளன் ஓடிவந்தான். முகமெல்லாம் தேனீ கொட்டி வீங்கியிருந்தது. ஆனாலும் தேனடைப் பொட்டலத்தை விடவில்லை. கொட்டு தாங்காமல் தீச்சட்டியைத்தான் போட்டுவிட்டு வந்திருந்தான். பனி கருக்கிய புல் அது, ஒரு கங்கு போதும். அவனுக்குப் பின்னால் புகை எழும்பியது. காற்றும் சேர்ந்துகொண்டது.

"தள்ளு தங்கச்சி, போயிருவோம்," என்றான்.

கெம்பி அவனைத் தெப்பத்தில் விட்டுவிட்டு, வாழ்நாளில் முதல்முறையாகத் தீவில் இறங்கினாள். சேலையை நனைத்து நெருப்பை அடித்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்து வந்தது. தலைக்கு மேல் நீர்க்காகம் ஏரிக்கும் மரத்துக்குமாகப் பறந்தது. முங்கியது, பறந்தது, தீயின் மேல் சிறகை உதறியது. தண்ணீர் ஒட்டாத இறகில் எவ்வளவு தண்ணீர் வரும்? நாலு துளி வந்தது. அலகால் இறகைக் கோதிக் கோதி அந்த எண்ணெயை எல்லாம் கல்லில் தேய்த்துப் போட்டது. பிறகு முங்கினால் இறகு முழுக்கத் தண்ணீர் ஊறியது. அதைச் சுமந்துகொண்டு பறக்கத்தான் முடியவில்லை. மூன்றாவது நடைக்கு அது தண்ணீரிலிருந்து எழும்பவே இல்லை. தன் கூடு இருந்த மரம் எரிவதை ஏரியில் கிடந்தபடி பார்த்தது.

சாயங்காலம், எரிய ஒன்றும் இல்லாததால் தீ அணைந்தது.

ஏழாம் நாள் கல்யாணம் நடந்தது. பெள்ளன் பந்தியில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். "மடியில கங்கு இருந்தும் என்னன்னு ஒரு வார்த்த கேக்கல பாருங்க. வீடுன்னா இதுதான் வீடு." சனங்கள் தலையாட்டினார்கள். 'மூட்டை பிரிச்ச வீடு' என்ற பேர் அன்றோடு ஒழிந்தது. பொம்மி சிரித்த முகத்தோடு தாயின் இலையில் தேன் ஊற்றினாள். கெம்பி கட்டுப்போட்ட கையால் அந்த இலையை மடித்து வைத்தாள்.

மகளை வழியனுப்பிவிட்டு அவள் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போனாள். தட்டைப்பாறையில் நீர்க்காகம் நின்றது. ஊறிப்போன சிறகு இரண்டும் விரிந்து தொங்கின.

"புள்ள," என்றாள் கெம்பி.

அது கேட்டது. "அக்கா, உன் மடியில சூடு தெரிஞ்சுதா?"

இந்தத் தடவை அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "தெரிஞ்சுது."

அத்தோடு நீர்க்காகம் மனிதரிடம் பேசுவதை விட்டது. விரித்த சிறகை இன்னும் அகலமாக விரித்துக் காட்டியது. உள்ளே ஒன்றும் இல்லை. கெம்பி தன் மூட்டையை அவிழ்த்துப் பாறைமேல் கொட்டினாள். கையில் கட்டியிருந்த துணியையும் பிரித்து, வெந்த கைகளை நீட்டினாள். அது பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அன்று முதல்தான் நீர்க்காகம் தண்ணீரைவிட்டு ஏறியதும் சிறகை விரித்துக்கொண்டு நிற்கிறது. மலைக்காரர்கள் ஏரிக்கு வந்தால் தங்கள் மூட்டையைத் தாங்களே பிரித்து அதன் எதிரில் கொட்டுகிறார்கள். தெப்பத்தில் தீவைச் சுற்றி வந்து பார்ப்பதோடு சரி, யாரும் இறங்குவதில்லை. கையில் என்ன என்று கேட்க அங்கே இப்போது யாரும் இல்லை.